சிம் விற்பது சந்தியில், போன் அடிக்க வேண்டியது வீட்டில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முல்லைத்தீவு மாவட்டத்தில், முத்தையன்கட்டுக் குளத்தின் வலதுகரைப் பக்கம் இருந்து எழுதுகிறேன். பத்திரிகைக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. எங்கள் பகுதியில் குளத்துத் தண்ணீர், யானை, நெல் விலை என்று எழுதுவதற்கு எவ்வளவோ இருக்க, போன் சிக்னலுக்கு ஒரு கடிதமா என்று வீட்டிலேயே கேட்டார்கள். ஆனால் போன் கம்பனியை மாத்திய நாளிலிருந்து எட்டு மாதமாக நாங்கள் பட்ட பாட்டை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது. ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, மல்லாவி என்று நான் கதைத்த இடமெல்லாம் இதே மாதிரி மாட்டுப்பட்ட ஒருவராவது இருக்கிறார், அவர்களுக்காகவும்தான் எழுதுகிறேன்.

போன ஆவணியில் சிறுபோக நெல் வித்த காசோடு முல்லைத்தீவு ரவுணுக்குப் போயிருந்தேன். பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கம்பனியின் பெடியள் கூடாரம் அடித்து சிம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னிடம் இருந்தது 2011 இல், மீள்குடியேறி வந்து தறப்பாள் கொட்டிலில் இருந்த காலத்தில் எடுத்த வேறு கம்பனியின் சிம். அதில் கோல் ஒரு நாளும் குறை வைத்ததில்லை, அடுப்படிக்குள் நின்றும் கதைக்கலாம். இன்டர்நெட் மட்டும் பின்னேரமானால் இழுபடும். மகள் உயர்தரம் படிக்கிறாள், யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவரிடம் இரவு ஏழு மணிக்கு ஒன்லைன் வகுப்பு, அது நடு நடுவே நின்றுவிடும். அவளுடைய அந்தக் கரைச்சலைத் தீர்க்கத்தான் நான் அந்தக் கூடாரத்துக்குப் போனேன், மலிவு என்பதற்காக இல்லை. அந்தப் பெடியன் சிம்மை என் போனில் போட்டு வீடியோ ஓட விட்டுக் காட்டினான், ஒரு இடத்திலும் நிற்காமல் ஓடியது. "எங்கட கவரேஜ் எல்லா இடமும் இருக்கு அக்கா" என்றான். வீடு எங்கே என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இன்றைக்கு யோசித்தால் எல்லாப் பிழையும் அந்த ஒரு கேள்வி இல்லாமல் போனதில்தான் தொடங்கியது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அடுப்படியில் ஒன்றும் இல்லை. அறைக்குள்ளும் இல்லை. விறாந்தை ஓரத்தில் ஒரு கோடு வரும், காத்தடித்தால் அதுவும் போகும். கிணத்தடியில் இரண்டு கோடு. படலையைத் தாண்டி, வாய்க்கால் மதகடிக்குப் போனால்தான் முழுதாகக் கதைக்கலாம். மகள் முதல் கிழமை கிணத்துக்கட்டில் இருந்து படித்தாள், பிறகு நுளம்புக்கும் பாம்புக்கும் பயந்து நான்தான் விடவில்லை. போன் வீட்டுக்குள் இருந்தால் காலையில் நூறு வீதம் சார்ஜ் போட்டது மத்தியானம் பாதியாகிவிடும். சிக்னல் குறைந்த இடத்தில் போன் ரவரை எட்டிப் பிடிக்கத் தன் சக்தியைக் கூட்டிக் கூட்டிச் செலவழிக்கும் என்று பிறகுதான் அறிந்தேன். அது தெரியாமல் பற்றரி பழுது என்று கடையில் கொடுத்து மாத்தினேன். அந்தக் காசும் போனது.

சிக்னல் சரியில்லை என்றால் உடனே பழைய சிம்மைப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். என் போனில் இரண்டாவது இடத்தில் ஒன்றில் சிம் போடலாம், இல்லை மெமரி காட் போடலாம், இரண்டும் முடியாது. மெமரி காட்டில் அம்மாவின் படங்கள் இருக்கின்றன. போரில் எங்கள் அல்பம் எல்லாம் போய், கனடாவில் இருக்கும் அண்ணன் தன்னிடம் இருந்ததைப் படம் எடுத்து அனுப்பியவை. அதைக் கழற்ற மனம் வரவில்லை. புது ரவர் வரப் போகிறதாம் என்று யாரோ சொன்னதை நம்பி, பழைய சிம்மைப் பேப்பரில் சுத்தி அலுமாரியில் வைத்துவிட்டேன். பள்ளிக்கூடம், வங்கி, அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிப்பணம், கமநல சேவை நிலையம் எல்லா இடத்திலும் புது இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன். சில மாதம் கழித்துப் பழைய சிம்மைத் திரும்பப் போட்டபோது அது செத்துப் போயிருந்தது, காசு போடாமல் நெடுநாள் விட்டதால் இலக்கத்தை நிறுத்திவிட்டார்களாம். அதே இலக்கத்தைத் திரும்பத் தர முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

வங்கி அலுவலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வகுப்புக் காசை போனால்தான் அனுப்புகிறேன். விறாந்தையில் இருந்து எல்லாவற்றையும் நிரப்பி அழுத்தினால் வங்கி ஓ.டி.பி என்று ஒரு தரம் மட்டும் பாவிக்கிற இரகசிய இலக்கம் அனுப்பும், அது வருவதற்கு நான் கிணத்தடிக்கு ஓட வேண்டும், அங்கே வந்து சேரும்போது நேரம் முடிந்திருக்கும். மூன்று தரம் அப்படிப் பிழைத்தால் கணக்கைப் பூட்டிவிடுகிறார்கள். ஒரு முறை பூட்டுப்பட்டு, அதைத் திறப்பதற்காக அடையாள அட்டையோடு வங்கிக்குப் போய் ஒரு நாள் கூலி வேலையை விட்டேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். மார்கழியில் நடந்ததுதான் தாங்க முடியாதது. இரவு பதினொரு மணி இருக்கும், மாமிக்கு இழுப்பு வந்துவிட்டது. இவர் வயலில் காவல் கொட்டிலில், காலபோகப் பயிருக்கு யானை வரும் காலம். 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் வரும் அம்புலன்ஸ் 2018 இல் வடக்குக்கு வந்ததிலிருந்து எங்கள் பக்கத்தில் எத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், நான் அந்த இலக்கத்தைத்தான் அழுத்தினேன். விழவில்லை. திரும்ப அழுத்தினேன், விழவில்லை. மாமியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு எழும்பவும் முடியாமல், மகளிடம் போனையும் டோர்ச் லைற்றையும் கொடுத்து மதகடிக்கு ஓடு என்று விட்டேன். அந்த மதகடியால்தான் யானை வாய்க்காலுக்கு இறங்குவது. பதினேழு வயதுப் பிள்ளையை இருட்டில் அந்த இடத்துக்கு அனுப்பிவிட்டு அவள் திரும்பி வரும்வரை நான் இருந்த இருப்பை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கோல் போனது, அம்புலன்ஸ் வந்தது, மாமி மாஞ்சோலை ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்து சுகமாகி வந்தார். அன்றைக்கு வந்த அம்புலன்ஸ் தம்பிமாருக்கு இந்தக் கடிதம் மூலமாகவும் நன்றி சொல்கிறேன்.

அதற்கு முன், நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்த நாட்களில் கரண்டும் இல்லை, போனும் இல்லை. அதைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன், நாடே தண்ணீருக்குள் நின்ற நேரம் அது. நான் சொல்வது மழையும் புயலும் இல்லாத சாதாரண நாளைப் பற்றி.

கம்பனியின் உதவி இலக்கத்துக்கு மொத்தம் ஐந்து தரம் எடுத்தேன், ஐந்தும் மதகடியில் நின்றுதான். தமிழில் கதைக்க ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும், வந்தவர்கள் மரியாதையாகத்தான் கதைத்தார்கள். சிம்மைக் கழற்றித் துடைத்துப் போடுங்கள், போனை நிறுத்தித் திறவுங்கள் என்றார்கள், செய்தேன். முறைப்பாட்டு இலக்கம் தந்தார்கள். இரண்டு நாளில் "உங்கள் முறைப்பாடு தீர்க்கப்பட்டது" என்று ஆங்கிலத்தில் மெசேஜ் வந்தது. ஒருவரும் வரவில்லை, ஒன்றும் மாறவில்லை. கடைசியாகக் கதைத்த பிள்ளை, "எங்கட மப்பில் உங்கட ஊர் கவரேஜ் உள்ள இடமாத்தான் காட்டுது அக்கா" என்றது. அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. அதன் முன்னால் இருந்த படத்தில் அப்படித்தான் இருந்திருக்கும்.

சரி, ஏன் இப்படி என்று விளங்கியது வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் எங்கள் ஊர்த் தம்பி ஒருவன் லீவில் வந்தபோதுதான். அவன் சொன்னதை எனக்கு விளங்கிய மாதிரி எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். போனில் தெரியும் கோடுகளை நம்பக் கூடாதாம், ஒவ்வொரு போனும் தன் பாட்டுக்குக் கோடு போடும். போனின் செட்டிங்ஸில், போனைப் பற்றிச் சொல்லும் பகுதியில், சிம் நிலை என்று ஒரு இடம் இருக்கிறது, அதற்குள் சிக்னலின் பலம் எண்ணாக இருக்கும். மைனஸ் போட்டு டிபிஎம் என்று காட்டும். 4ஜியில் மைனஸ் 90 என்றால் நல்லது, மைனஸ் 100 வரை பிழை இல்லை, மைனஸ் 115 ஐத் தாண்டினால் கஷ்டம். என் விறாந்தையில் புதிய சிம் மைனஸ் 118. பக்கத்து வளவு பெரியம்மாவிடம் என்னுடைய பழைய கம்பனியின் சிம் இருக்கிறது, அதை அதே இடத்தில் வைத்துப் பார்த்தால் மைனஸ் 98. இருபதுதானே வித்தியாசம் என்று நான் சொன்னேன். அக்கா, ஒவ்வொரு பத்துக்கும் பத்து மடங்கு, இருபது என்றால் நூறு மடங்கு என்றான். ஒரே விறாந்தை, ஒரே நேரம், ஒன்றிலிருந்து மற்றது நூறில் ஒரு பங்கு!

காரணம் பலது. புதிய கம்பனியின் ரவர் மாங்குளம் - முல்லைத்தீவு வீதிப் பக்கம் இருக்கிறது, எங்களுக்கும் அதற்கும் இடையில் காடு. பாலையும் முதிரையும் வீரையும் அடர்ந்த காடு, மாரியில் இலையெல்லாம் நனைந்தால் அலையை இன்னும் குடிக்கும். அலைவரிசையிலும் வித்தியாசம் உண்டு. 900 மெகாஹேர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலை தூரம் போகும், சுவருக்குள்ளும் ஓரளவு நுழையும். 1800, 2100 என்று மேலே போகப் போக வேகமாக நிறைய டேற்றாவைக் கொண்டுவரும், ஆனால் தூரத்தில் களைத்துவிடும், சுவரையும் கூரையையும் தாண்ட மாட்டாது. கூடாரத்தில் எனக்குக் காட்டிய வேகம் உண்மைதான், அங்கே ரவர் பக்கத்தில் நின்றது. எங்கள் பக்கம் பாதி வீடு தகரக் கூரை, தகரம் அலையைத் திருப்பி அடிக்கும். என் அடுப்படியும் தகரம்தான்.

இன்னொரு விசயம் யாரும் எனக்குச் சொல்லாதது. விறாந்தையில் 4ஜி என்று காட்டிக்கொண்டிருக்கும்போதும் கோல் மட்டும் விழாது, எனக்கு அது பெரிய புதிராக இருந்தது. 4ஜியிலேயே கோல் போவதற்கு வோல்ட்டி என்று ஒரு வசதி வேண்டுமாம், அது போனிலும் இருக்க வேண்டும், அந்தப் போனுக்கு அந்தக் கம்பனியும் அதைத் திறந்துவிட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோல் எடுக்கும் நேரம் போன் பழைய 2ஜிக்கோ 3ஜிக்கோ இறங்கித் தேடும், அந்தச் சிக்னல் அந்த இடத்தில் இல்லையென்றால் கோல் இல்லை. என்னுடையது நாலு வருடப் பழைய போன், பழைய கம்பனியில் வேலை செய்தது, புதியதில் அந்த வசதி ஒத்துவரவில்லை. இதைக் கூடாரத்தில் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

அந்தப் பெரியம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2009 இல் மகனைத் தொலைத்தவர். ஆணைக்குழு என்று வந்த ஒவ்வொன்றுக்கும், பிறகு காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும் கொடுத்த படிவம் எல்லாவற்றிலும் அவர் எழுதியது ஒரே போன் இலக்கம். அவரிடமும் ஒரு முறை சிம் விற்க வந்திருக்கிறார்கள், மலிவாகக் கதைக்கலாம் என்று. "இந்த நம்பரை மாத்தினால் ஆரும் தகவல் சொல்ல எப்பிடி எனக்கு எடுப்பினம் பிள்ளை" என்று என்னிடம் கேட்டார். எங்கள் ஊரில் ஒரு போன் இலக்கம் என்றால் என்ன என்பது கொழும்பில் திட்டம் போடுகிறவர்களுக்கு இதில் விளங்க வேண்டும். எண்ணை மாத்தாமல் கம்பனியை மாத்தும் வசதியைப் பற்றிப் பல வருடமாகப் பேசப்பட்டு வருகிறது. முல்லைத்தீவில் சிம் வாங்கிய அன்றைக்கு அதைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தை சொன்னவர் இல்லை. அது இருக்கிறதா இல்லையா என்பது எல்லாச் சந்திக் கடையிலும், தமிழில், கேட்காமலே சொல்லப்பட வேண்டிய விசயம்.

கைப்பேசி எங்களுக்கு வந்ததே மீள்குடியேறிய பிறகுதான். அதற்கு முன் 2002 இல் ஏ9 பாதை திறந்த காலத்தில், வெளிநாட்டில் இருந்து அண்ணன் எடுக்கிறார் என்றால் நேரம் சொல்லிவைத்து தொலைத்தொடர்பு நிலையத்துக்குப் போய், அம்மாவும் நானும் வாங்கில் காத்திருப்போம். கோல் வராமல் திரும்பி வந்த நாட்களும் உண்டு. இன்றைக்கு அதே அண்ணன் வட்ஸ்அப்பில் எடுக்க, நான் படலைக்கு வெளியே மதகடியில் நின்று, கொஞ்சம் பொறுங்கோ யானை நிக்குதோ தெரியேல்லை என்று சொல்லிக்கொண்டு கதைக்கிறேன்.

நான் கேட்பது இலவசமாக எதையும் இல்லை. எல்லோரையும் போலக் காசு கட்டித்தான் கதைக்கிறோம், 2024 ஜனவரியிலிருந்து வற் வரி மட்டும் 18 வீதம், அதற்கு மேல் தொலைத்தொடர்பு வரியும் இருக்கிறது. சிம் விற்க வருகிறவர்கள் முதலில் எந்தக் கிராம சேவையாளர் பிரிவு என்று கேட்கட்டும். அந்தப் பிரிவில் றோட்டில் அல்ல, வீட்டுக்குள் சிக்னல் எப்படி என்று தெரிந்தால் சொல்லட்டும், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லட்டும். வாங்கிய சிம்மை இரண்டு கிழமை வீட்டில் வைத்துப் பார்க்கவும், சரிவராவிட்டால் பக்கேஜ் காசைத் திருப்பி வாங்கவும் வழி இருக்கட்டும். ஒரு கடையில் சட்டை எடுத்தாலே அளவு பார்த்து மாத்தித் தருகிறார்கள். முறைப்பாட்டைத் தீர்த்துவிட்டோம் என்று மெசேஜ் அனுப்புவதற்கு முன் தீர்ந்ததா என்று எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

இலங்கை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் இதைச் சொல்ல விரும்புகிறேன். 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டத்தில், பாவனையாளர்களின் நலனைக் காப்பது, அதிலும் சேவையின் தரத்தைப் பார்ப்பது ஆணைக்குழுவின் வேலை என்று தெளிவாக இருக்கிறது. கம்பனிகள் காட்டும் கவரேஜ் மப் பெரும்பாலும் கணினியில் கணக்குப் போட்டு நிறம் தீட்டியது, அதுவும் வெளியில் நிற்கிற ஆளுக்கு. ஆணைக்குழுவின் ஆட்கள் வாகனத்தில் ஏ34 என்ற மாங்குளம் - முல்லைத்தீவு வீதியால் அளந்துகொண்டு போனால் முல்லைத்தீவு மாவட்டம் முழுக்கச் சிக்னல் இருப்பது போலத்தான் தெரியும். வீதியிலிருந்து இரண்டு மூன்று கிலோமீற்றர் உள்ளே வந்து, குளக்கட்டுக்குக் கீழே, காட்டோரத்தில், தகரக் கூரைக்குள் அளந்து, கிராம சேவையாளர் பிரிவு வாரியாக ஒவ்வொரு கம்பனிக்கும் என்ன எண் வருகிறது என்று தமிழிலும் வெளியிட்டால், கம்பனிகள் தாங்களாகவே ஓடி வந்து ரவர் போடுவார்கள் என்று நான் நம்புகிறேன். அளந்து பார்க்க வேண்டிய இடங்களைக் கிராம அபிவிருத்திச் சங்கங்களிடம் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

கம்பனி மாத்த நினைக்கும் சகோதரங்களுக்கு ஒன்று. உங்கள் பழைய சிம்மை உடனே கைவிடாதீர்கள், மாதத்தில் ஒரு சின்ன ரீலோட்டாவது போட்டு உயிரோடு வைத்திருங்கள். மாத்துவதற்கு முன் அந்தக் கம்பனியின் சிம் உள்ள ஒரு சொந்தக்காரரை வீட்டுக்குக் கூப்பிட்டு, இரவில், மழை நாளில், அடுப்படிக்குள் நின்று ஒரு கோல் எடுக்கச் சொல்லுங்கள். வங்கிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் புது இலக்கம் கொடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

நான் இப்போது பழைய கம்பனியிலேயே புது இலக்கம் ஒன்று எடுத்துவிட்டேன். வகுப்பு பழையபடி இழுபடுகிறது, ஆனால் மாமியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று 1990 ஐ எடுக்கலாம். அம்மாவின் படங்கள் உள்ள மெமரி காட்டைக் கழற்றி மகளின் பெட்டிக்குள் வைத்துவிட்டு அந்த இடத்தில் மற்றச் சிம்மைப் போட்டிருக்கிறேன், வங்கியில் இன்னும் அந்த இலக்கம்தான் இருக்கிறது.

இதை வாசிக்கும் கம்பனிக்காரரோ ஆணைக்குழுவின் ஆட்களோ எங்கள் பக்கம் அளக்க வருவதென்றால் தாராளமாக வரலாம். படலை திறந்துதான் இருக்கும், தேத்தண்ணி போட்டுத் தருகிறேன், அடுப்படிக்குள் வந்தே அளக்கட்டும். ஆறு மணிக்கு முன் வரச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு மதகடியால் வருவது பயம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
முத்தையன்கட்டு.